பழைய காருக்கு ஃபுல் இன்சூரன்ஸை எப்ப விடுறது? (2001 நிசான் சன்னி, வெள்ளவத்தை)

வெள்ளவத்தை டீச்சர்:

வணக்கம். அடுத்த மாசம் எங்கட காரின்ட இன்சூரன்ஸ் முடியுது. ரினிவல் நோட்டீஸ் வந்து மேசையில கிடக்குது. இந்த முறை கையெழுத்து வைக்க முதல் விசயம் தெரிஞ்ச ஆக்களிட்டக் கேக்கவேணும் எண்டு இருக்கிறன்.

கார் அப்பாட. 2001 நிசான் சன்னி, எஃப்பி 15. அப்பா போன பிறகு என்ர பேருக்கு மாத்தினது. அவர் எப்பவும் ஃபுல் இன்சூரன்ஸ்தான் எடுத்தவர், நானும் அதையே விடாமல் கட்டி வாறன். லீசிங் ஒண்டும் இல்லை. கனகாலமாய் ஒரு கிளெய்மும் எடுக்கேல்லை. கிளெய்ம் எடுக்காததுக்குத் தாற கழிவு, நோ கிளெய்ம் போனஸ், எல்லாம் கழிச்சு, வரியும் சேர்த்து, இந்த வருஷம் 41,000 கேட்டிருக்கினம். தேர்ட் பார்ட்டி மட்டும், அதாவது மற்றவைக்கு வாற சேதத்துக்கு மட்டும் எண்டால் 7,000 ரூபாயோட முடிக்கலாம் எண்டு அதே ஏஜென்ட் சொல்லுறார்.

ரொறன்ரோவில இருக்கிற தம்பியோட கதைச்சன். "உந்தப் பழங்காருக்கு ஆராவது ஃபுல் போடுவினமோ அக்கா?" எண்டு கேக்கிறான். அங்க ஒன்ராறியோவில மற்றவைக்கு வாற சேதத்துக்கான பகுதியை விடேலாதாம், ஆனா தன்ர காரை மோதினால் திருத்தித் தாற பகுதியை விரும்பினால் கழட்டலாமாம். அந்தப் பகுதிக்குக் கட்டுற காசு காரின்ட பெறுமதியில பத்தில ஒண்டைத் தொட்டால் கழட்டிப்போடு எண்டு ஆக்கள் கணக்குப் பாக்கிறவையாம்.

கார் இல்லாமல் எங்களுக்கு ஏலாது. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், கிளினிக்குக்கு ஓட்டோவில ஏத்தி இறக்கிறது பெரும்பாடு. மகளை ட்யூஷனால கூட்டி வாறதும் இதிலதான். ஃபிளாட்டில எங்களுக்குப் பார்க்கிங் இல்லை. இரவில ஒழுங்கையில, பக்கத்து வளவு மாமரத்துக்குக் கீழ நிக்குது.

34,000 மிஞ்சினால் அம்மாட மருந்துக்கு அது பெரிய உதவி. அதுக்காகவே இதைக் கேக்கிறன். உங்களில ஆராவது இப்பிடி மாறினனீங்களோ? எதை வைச்சு முடிவெடுத்தனீங்கள்?

தெஹிவளை மாருதி:

அக்கா, நான் மாறிட்டேன். என்னோடது மாருதி 800. வேலைக்குப் போறது பைக்கில. கார் வெளிய வாறது ஞாயிற்றுக்கிழமை, செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு, இல்லாட்டி மழை நாளில. வீட்டு கேட்டுக்கு உள்ள, கூரைக்குக் கீழதான் நிக்கும்.

ஃபுல் வைச்சிருந்த காலத்திலயும் நான் கிளெய்ம் எடுத்ததில்லை. பம்பர் உரசினா தெரிஞ்ச டிங்கர் பாஸிட்ட குடுத்து கைக்காசில செய்வேன். கிளெய்ம் போட்டா அடுத்த வருஷம் போனஸ் குறையும், அந்த இழப்பு திருத்தின காசை விடக் கூட வரும். அப்ப ஏன் கட்டணும்? வித்தியாசத்தை வேற ஒரு சேவிங்ஸ் புத்தகத்தில போட்டு வாறேன், கார் செலவுக்கு மட்டும்தான் அதில கை வைக்கிறது.

உங்கட காருக்கும் இது சரிவரும் எண்டு நினைக்கிறேன். வருஷா வருஷம் வாகனத்துக்கு எடுக்கிற ரெவனியூ லைசன்ஸுக்கு தேர்ட் பார்ட்டி சர்டிபிகேட்டும் புகை டெஸ்ட்டும் போதும்.

கொட்டாஞ்சேனை அசெசர்:

தங்கச்சி, விபத்து நடந்த இடத்துக்குப் போய் வாகனத்தைப் பார்த்து மதிப்பிடும் வேலையில்தான் என் காலம் போனது. இப்போது ஓய்வு. எந்தக் கம்பனிக்காகவும் கதைக்க வரவில்லை.

உங்கள் தம்பி சொல்லும் கணக்கு கனடாவில் சரி. அங்கே கார் வருஷா வருஷம் விலை இறங்கிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் கார் இரண்டாயிரம் மூவாயிரம் டொலர்தான் பெறும், பிரீமியமோ அதில் நல்ல பங்கைத் தின்னும். அப்போது விடுவது புத்தி. இலங்கையில் நடந்தது நேர் எதிர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதத்துக்குள் 360ஐத் தாண்டியது. ஐந்து வருஷமாகப் புதுக் கார் வராத நாட்டில் பழைய காருக்கு விலை ஏறாமல் என்ன செய்யும்? 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குக் கதவைத் திறந்தார்கள், ஆனால் வரியைப் போட்டு வரும் விலையைப் பார்த்துவிட்டு ஆட்கள் மறுபடி பழைய சன்னிக்கும் 121 கொரோலாவுக்கும்தான் திரும்புகிறார்கள். உங்கள் அப்பா கொடுத்த ரூபாயை விட இன்றைக்கு அந்தக் கார் கூடப் பெறும்.

ஆகவே வயதை விட்டுவிடுங்கள். ஒரு கேள்வியைக் கேளுங்கள். நாளைக் காலையில் அந்த ஒழுங்கையில் கார் இல்லை, அல்லது நசுங்கிக் கிடக்கிறது. கடன் படாமல், நகை அடகு வைக்காமல் இன்னொரு கார் வாங்க உங்களிடம் காசு இருக்கிறதா? இருந்தால் தேர்ட் பார்ட்டிக்கு மாறுங்கள், நான் மறிக்க மாட்டேன். இல்லையென்றால் அந்த 34,000 மிச்சம் அல்ல.

மாருதித் தம்பி சின்னக் கிளெய்மைப் பற்றிச் சொன்னது முழுக்க உண்மை. பழைய காருக்குப் புதுப் பாகம் போட்டால் அதன் விலையில் ஒரு பங்கைத் தேய்மானம் என்று கழிப்பார்கள். அதற்கு மேல் எக்செஸ் என்று முதல் தொகையை நீங்கள் ஏற்க வேண்டும். எஃப்பி 15 ஹெட்லைட் ஒன்றைப் பஞ்சிகாவத்தையில் தேடிப் பழசில் வாங்கிப் போடுவது, கிளெய்ம் போட்டுப் போனஸை இழப்பதை விடப் பலமுறை மலிவாக வரும். இதைத் தெரிந்துகொண்டுதான் ஃபுல் எடுக்க வேண்டும். அது கீறலுக்கான காசு அல்ல, கார் முழுதாகப் போகும் நாளுக்கான காசு. தம்பிக்கு அப்படி ஒரு நாள் வந்தாலும் பைக் இருக்கிறது, உங்களுக்கு அம்மாவைக் கூட்டிப்போக வேறு வழி இல்லை. அதனால்தான் அவருடைய முடிவை அப்படியே உங்களுக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மாமரத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மே, ஜூன் காற்றில் கொழும்பில் மரம் விழாத வருஷம் எனக்கு ஞாபகத்தில் இல்லை. 2023 ஒக்டோபரில் கொள்ளுப்பிட்டியில் ஓடிக்கொண்டிருந்த பஸ்மேல் மரம் விழுந்து 5 பேர் செத்துப்போனார்கள். நிறுத்தி வைத்த கார்மேல் கொப்பு விழுவது செய்தியில்கூட வராது. தேர்ட் பார்ட்டியில் அதற்கு ஒரு சதமும் இல்லை. களவு போனாலும் இல்லை, எரிந்தாலும் இல்லை.

இன்னொன்று. கலவரம், பணிநிறுத்தம், பயங்கரவாதம் என்று ஒரு பகுதியை ஃபுல் பொலிசியோடு தனியாகச் சேர்ப்பார்கள், தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் கீழ் வருவது. அதற்குச் சேரும் காசு கொஞ்சம்தான். 1983 ஜூலையில் வெள்ளவத்தை காலி வீதியில் எரிந்த வாகனங்களைக் கண்ணால் கண்டவன் நான். 2022 மே 9 இரவும் இந்த நாட்டில் வாகனங்கள் எரிந்தன. அந்தப் பகுதியை எடுத்துவிடு என்று என் வாயால் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கடைசியாக, எதை எடுத்தாலும் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்: மூன்றாம் தரப்புச் சொத்துச் சேதத்துக்கான உச்சத் தொகை. சட்டம் கட்டாயப்படுத்துவது ஆட்களுக்கு வரும் காயத்துக்கும் உயிர் இழப்புக்கும். நீங்கள் மோதிய வாகனத்தின் சேதத்துக்கு பொலிசியில் ஒரு எல்லை எழுதியிருக்கும். மலிவான தேர்ட் பார்ட்டியில் அந்த எல்லை மிகச் சின்னதாக இருக்கும். இன்றைக்கு காலி வீதியில் உங்களுக்கு முன்னால் நிற்பது பழைய சன்னி அல்ல, பிவைடி மாதிரிப் புது மின்சாரக் கார். அதன் பின் பம்பருக்குள் சென்சர், கமரா எல்லாம் இருக்கிறது. எல்லைக்கு மேல் வருவதை அந்த ஆள் உங்களிடம்தான் கேட்பார்.

பொலிசியோடு வரும் விவரத் தாளை, ஷெட்யூலை எடுத்து, காருக்கு எவ்வளவு தொகை போட்டிருக்கிறார்கள் என்று எழுதுங்கள். எனக்கு அதில்தான் சந்தேகம்.

கொலன்னாவ பைசல்:

சிஸ்டர், அசெசர் ஐயா வெள்ளத்தைச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். நாங்கள் இருப்பது களனி கங்கைக்குக் கிட்ட. 2016 மே வெள்ளத்தில் இந்தப் பக்கம் கூரை மட்டும் தெரிந்த வீடுகள் இருந்தன. 2025 நவம்பரில் தித்வா புயலோடு மறுபடி ஆறு வந்தது.

என்னுடையது 2004 கொரோலா. ஃபுல் வைத்திருந்தேன், அதில் இயற்கை அனர்த்தத்தைக் கேட்டுச் சேர்த்திருந்தேன். இதுதான் முக்கியம் சிஸ்டர். ஃபுல் என்று பெயர் இருந்தால் எல்லாம் உள்ளே இருக்கும் என்று நினைக்காதீர்கள். எங்கள் பக்கத்து வீட்டாருக்கும் ஃபுல்தான், வெள்ளம் சேர்க்கவில்லை. பிரீமியத்தைக் குறைத்துக் காட்டுவதற்காக யாரோ அதை எடுத்துவிட்டிருந்தார்கள், அவருக்கே தெரியாது. அந்த மனிசன் ஷெட்யூலைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றது எனக்கு இன்னும் வேதனை.

தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் செய்யப் பார்ப்பது சாவியைத் திருப்புவது. தயவுசெய்து வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அதை எஞ்சினால் அமுக்க முடியாது, கொனெக்டிங் ரொட் வளையும், எஞ்சின் முடிந்தது. நீங்கள் ஸ்டார்ட் பண்ணியதால் வந்த சேதம் என்று கம்பனியும் கையை விரிக்கும். பற்றரி வயரைக் கழற்றுங்கள், தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்று அடையாளம் தெரியப் படம் எடுங்கள், கம்பனிக்கு அடியுங்கள், கட்டி இழுக்கிற வண்டி வரும் வரை பொறுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். எனக்கு சீட், வயரிங், எஞ்சின் ஒயில் முதற்கொண்டு செய்து தந்தார்கள். தேய்மானம் கழித்துத்தான் தந்தார்கள், ஆனாலும் என் கையால் அந்தத் தொகையைக் கட்டியிருக்க முடியாது.

வெள்ளவத்தையில் ஆறு இல்லை என்று சொல்வீர்கள். வாய்க்கால் இருக்கிறது. பெரிய மழைக்கு உங்கள் பக்க ஒழுங்கைகளிலும் தண்ணீர் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

வெள்ளவத்தை டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு விரிவாய் எழுதுவீங்கள் எண்டு எதிர்பாக்கேல்லை.

ஐயா, ஷெட்யூலை எடுத்துப் பாத்தன். காருக்குப் போட்டிருக்கிற தொகை 18 இலட்சம். அது 2019இல அப்பா போட்ட தொகை, அதுக்குப் பிறகு ஒருத்தரும் தொடேல்லை. இப்ப விளம்பரங்களில எங்கட கார் மாதிரி, அதே வருஷம், 30இல இருந்து 35 இலட்சம் வரை கேக்கினம். சொத்துச் சேதத்துக்கு எல்லை இருக்குது, ஆனா நீங்கள் சொன்னதைப் படிச்ச பிறகு அது எனக்குக் காணாது எண்டு படுது. வெள்ளம் சேர்ந்திருக்குது, கலவரமும் இருக்குது.

18 இலட்சத்துக்குத்தான் கட்டுறம், அப்ப கார் போனால் 18 இலட்சமாவது வரும்தானே எண்டு அம்மா சொல்லுறா. அது சரியோ?

கொட்டாஞ்சேனை அசெசர்:

கார் முழுதாகப் போனால் அம்மா சொல்வது கிட்டத்தட்டச் சரி, எக்செஸ் போக 18 வரும், ஆனால் அதற்கு மேல் வராது. சந்தை விலை, பொலிசியில் எழுதிய தொகை, இரண்டில் எது குறைவோ அதுதான். 18 இலட்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதே காரை நீங்கள் திரும்ப வாங்க முடியாது.

இன்னும் மோசமானது பாதிச் சேதத்தில். 'எவரேஜ்' என்று ஒரு நிபந்தனை பொலிசிகளில் இருக்கும். கார் 32 இலட்சம் பெறும் என்று வையுங்கள், நீங்கள் போட்டிருப்பது 18. அதாவது காரின் பெறுமதியில் 56 வீதத்துக்குத்தான் காப்புறுதி. மிச்சம் 44 வீதத்துக்கு நீங்களே பொறுப்பு. மரம் விழுந்து 4 இலட்சத்துக்குச் சேதம் என்றால் அந்த நிபந்தனையின்படி 2,25,000தான் கணக்குக்கு வரும். அதிலிருந்துதான் தேய்மானமும் எக்செஸும் கழியும். வருஷம் தவறாமல் காசு கட்டிவிட்டு இதைக் கேட்டதும் ஆட்கள் என்மேல் கத்துவார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. ரினிவல் நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லாத ஆட்கள்மேல்தான் கோபம்.

எனக்கு உங்கள் 41,000 பிரச்சினையாகத் தெரிகிறது. தேர்ட் பார்ட்டிக்கும் ஃபுல்லுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் நட்டப்படுகிறீர்கள். ஒன்றில் சரியான பெறுமதிக்கு ஃபுல் எடுங்கள், அல்லது துணிந்து தேர்ட் பார்ட்டிக்குப் போங்கள்.

ஏஜென்டிடம் இப்படிக் கேளுங்கள். காரைக் கொண்டுபோய்க் காட்டுகிறேன், சந்தை விலைக்குப் புதுக் கொட்டேஷன் தாருங்கள். சொத்துச் சேத எல்லையை உயர்த்தினால் எவ்வளவு கூடும்? விரும்பி ஏற்கும் எக்செஸைக் கூட்டினால் எவ்வளவு குறையும்? உங்களுக்கு இந்தக் கடைசிக் கேள்விதான் பெரிய உதவி. சின்னக் கிளெய்ம் எப்படியும் போடப்போவதில்லை, ஆகவே முதல் ஐம்பதாயிரத்தை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்வதில் இழப்பு இல்லை, பிரீமியம் இறங்கும். போனஸை அப்படியே வைத்துக்கொண்டு இன்னும் ஒரு கம்பனியிலும் விலை கேளுங்கள். போனஸ் உங்கள் பெயரில் இருப்பது, கடிதம் வாங்கி மற்றக் கம்பனிக்குக் காட்டலாம்.

மாருதித் தம்பி, உங்களுக்கும் சேர்த்துத்தான்: தேர்ட் பார்ட்டிக்குப் போய்ப் பிறகு திரும்ப ஃபுல் கேட்டால் வண்டியைப் பரிசோதிக்கக் கேட்பார்கள், பழைய போனஸையும் அப்படியே தருவார்கள் என்று நம்பி இருக்க வேண்டாம். மாறுவதற்கு முதல் எழுத்தில் கேட்டு வைத்திருப்பது நல்லது.

தெஹிவளை மாருதி:

ஐயா, போனஸ் விசயம் ஏற்கிறேன். சொத்துச் சேத எல்லையை நாளைக்கே கேட்கிறேன், அதைக் கூட்டத் தேர்ட் பார்ட்டியில இடம் இருந்தா கூட்டுவேன். ஆனா என் முடிவு மாறாது. மாருதி போனா நான் பைக்கில போவேன், வேற கார் வாங்க மாட்டேன். வாங்காத காருக்கு ஏன் பிரீமியம்?

அக்கா, உங்கட நிலைமை வேற எண்டு இப்ப விளங்குது. அம்மாட முழங்காலை நான் கணக்கில எடுக்கேல்லை.

கொட்டாஞ்சேனை அசெசர்:

உங்களுக்கு அது சரியான முடிவு தம்பி. அந்தச் சேவிங்ஸ் புத்தகத்தை மட்டும் வேறு செலவுக்குத் திறக்காதீர்கள்.

வெள்ளவத்தை டீச்சர்:

என்ன முடிவெடுத்தன் எண்டு சொல்ல வந்து எழுதுறன். காரைக் கொண்டுபோய்க் காட்டினன். 32 இலட்சத்துக்கு, சொத்துச் சேத எல்லையையும் கூட்டி, 68,000 சொன்னவை. எக்செஸை 50,000 ஆக்கினால் எண்டு கேட்டன், 57,000க்கு வந்தது. மற்றக் கம்பனி ஒண்டில அதே எக்செஸோட 55,500, ஆனா அதில வெள்ளத்தைத் தனியாய்ச் சேர்க்கச் சொல்லி இருந்தது, சேர்த்தால் அங்கதான் கூட.

தம்பிக்கு அனுப்பினன். தேர்ட் பார்ட்டிக்கும் இதுக்கும் வித்தியாசம் வருஷம் 50,000, அது காரின்ட பெறுமதியில ரெண்டு வீதத்தை விடக் குறைவு எண்டு அவனே கணக்குப் போட்டு, "அப்ப விடாதை அக்கா, மிச்சத்தை நான் அனுப்புறன்" எண்டவன். 57,000 கட்டி பழைய கம்பனியிலேயே இருக்கிறன். வரியோட எல்லாம் சேர்த்துச் சொன்ன தொகைதான் அது, கேட்டு உறுதிப்படுத்தினனான்.

பைசல் சகோதரம், ஷெட்யூலில வெள்ளம் எண்டு எழுதியிருக்கிற வரியைப் படம் எடுத்து போனில வைச்சிருக்கிறன். பற்றரி வயர் எப்பிடிக் கழட்டுறது எண்டு மகளுக்கும் காட்டிக் குடுத்தாச்சு.

ஐயா, இன்னும் ஒரு கேள்வி. பக்கத்து வளவுக்காரரிட்ட மாமரத்தின்ட அந்தப் பெரிய கொப்பை வெட்டச் சொல்லிக் கேட்டன், ஓம் எண்டவர். ஆனா வெட்டுற ஆள் வாற நாளில காரை எங்க விடுறது எண்டு பாக்கிறன். கோயில் வளவில ஒரு நாள் விட்டால், அங்க ஏதும் நடந்தால் பொலிசியில பிரச்சினை வருமோ?

கொட்டாஞ்சேனை அசெசர்:

வராது தங்கச்சி. கார் எங்கே நிற்கிறது என்பது தனிப்பட்ட பாவனைக்கு எடுத்த பொலிசியில் பிரச்சினை இல்லை. பூட்டிவிட்டு, சாவியைக் கையில் வைத்திருங்கள். கோயில்காரரிடம் கொடுத்துவிட்டு வர வேண்டாம், நகர்த்த வேண்டி வந்தால் லைசன்ஸ் இல்லாத ஒருவர் ஏறி ஓட்டிவிடக்கூடாது.